மகாராணி மரியாவின் மாமி

டென்மார்க்கின் வைலே நகரத் தமிழர் கலைமாலையில் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். குழந்தைகளின் வரவேற்பு நடனம் நடக்கும். அதில் ஒன்று அழுதுகொண்டு மேடையை விட்டு ஓடும். பட்டிமன்றம் நடக்கும், நடுவர் இரண்டு பக்கமும் சரியென்று தீர்ப்புச் சொல்லுவார். இடையில் மைக் நின்றுபோகும். முடிவில் கொத்துரொட்டி. இந்த ஒழுங்கைக் குலைக்கத் துணிந்தவள் யசிந்தா. உயர்நிலைப் பள்ளியில் வரலாறு படிப்பிக்கிறாள். டென்மார்க்கில் பிறந்தும் தமிழைப் பிடிவாதத்தால் மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறாள். ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன் கொன்ஸ்தாந்திநோப்பிளில் வாழ்ந்த ஒரு மகாராணியின் கதையை நாடகமாக எழுதி, சங்கத்து நிர்வாகக் குழுவின் முன் வைத்தாள்.

"ஏன் பிள்ளை, எங்கட ராசாக்கள் ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?" என்று செயலாளர் சபாரத்தினம் கேட்டார்.

"அவை எல்லாரும் போன வருசம் வந்து போட்டினம் அங்கிள்."

அதற்கு மேல் அவரால் வாதாட முடியவில்லை. நடிகர்களைப் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பதினேழு வயதுச் சக்கரவர்த்தியாக நடிக்க, பண்டகசாலையில் பாரந்தூக்கி ஓட்டும் கோணேசன் வந்தார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, வயிறும் அவருக்கு முன்னால் போகிறது. ஆனால் ஊரில் வெல்வெட் அங்கி வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். மகாராணி மரியாவாகத் தபிதா. பள்ளிப் பிள்ளை; தமிழ் வசனத்தை டெனிஷ் எழுத்தில் எழுதிப் பாடமாக்குகிறாள். சக்கரவர்த்தியின் தாயாக நடிக்கத் தவமணியைத்தான் கேட்பது என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிற தவமணிக்கு, மூன்று அறை தள்ளி நிற்பவனையும் ஒரே அதட்டில் நிறுத்துகிற குரல். புருசன் செத்துப்போன பிறகு ஒரே மகனை அந்தக் குரலால்தான் வளர்த்தாள் என்பார்கள்.

தவமணி உடனே ஒப்புக்கொண்டாள். அந்த நாட்களில் அவளுக்கு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை.

தேவாலயத்தின் கீழ்த்தளத்து மண்டபத்தில் முதல் ஒத்திகை. யசிந்தா எல்லாரையும் வட்டமாக இருத்திக் கதையைச் சொன்னாள்.

"அப்ப ஆட்சி அம்மாவின்ர கையில. பேர் ஐரீன். தகப்பன் செத்துப்போனார், மகன் சின்னப் பெடியன். அவனுக்கு முதலே பிராங்க் அரசன்ர மகளைப் பேசி வைச்சிருந்தவை. அவன் அந்தப் பெண்ணைக் கண்டதில்லை. ஆனா மனசுக்குள்ள அவளோடதான் இருந்தவன். அம்மா அதைக் குழப்பிப்போட்டு, தானே பொம்பிளை தேட ஆள் அனுப்பினவ. போனவையின்ர கையில மூண்டு அளவு. உயரம், முகம், பாதம். ஊர் ஊராப் போய் பெண்களை அந்த அளவுக்கு வைச்சுப் பாத்ததாம்."

"சாதகம் பாக்கேல்லையோ?" என்றார் கோணேசன். எல்லாரும் சிரித்தார்கள்.

"அம்னியா எண்டு ஒரு தூரத்து ஊர். அங்க நொடிச்சுப்போன ஒரு வீடு. தாத்தா தானம் குடுத்துக் குடுத்தே ஏழையானவர். அந்த வீட்டுப் பிள்ளைதான் மரியா. அளவு எல்லாம் சரியா இருந்தது. அரண்மனைக்குக் கூட்டிக்கொண்டு வந்து மகனுக்குக் கட்டி வைச்சினம். மகனுக்கு அவளைப் பிடிக்கேல்லை. ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் பிறந்த பிறகும் பிடிக்கேல்லை."

தவமணி சிரிக்கவில்லை. பாத அளவு என்ற சொல்லிலேயே அவள் மனம் நின்றுவிட்டது.

ஏனென்றால் அவளும் கேட்டிருக்கிறாள். மட்டக்களப்புக்கு ஃபோன் எடுத்து, மகனுக்குப் பேசிய பெண்ணான நிலானியின் தாயிடம், பிள்ளையின் கால் அளவு என்ன என்று கேட்டிருக்கிறாள். குளிர்காலம் தொடங்கப்போகிறது, பிள்ளை செருப்போடு வந்து இறங்கக்கூடாது என்ற கரிசனை. உள்ளே கம்பளி வைத்த நல்ல சப்பாத்து வாங்கி, விமான நிலையத்துக்கே கொண்டுபோனாள். அப்போது தன்னைப்போல மாமி உலகத்தில் இல்லை என்று நினைத்தாள். அதற்கு முன் நேரில் போய், தன் தோளோடு தோள் நிறுத்தி உயரம் பார்த்ததும், முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்ததும் அவளேதான். மகன் ஜெனோஷனுக்கு அந்தக் காலத்தில் மெத்தே என்று ஒரு டெனிஷ் பெண்ணோடு பழக்கம். தவமணி சாப்பிடாமல் கிடந்து, அழுது, தகப்பனின் படத்தின் முன் சத்தியம் கேட்டு அதைக் கலைத்துவிட்டாள். கலைத்தது வெளியில்தான், அவன் மனசில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்போது ஜெனோஷன் மெத்தேயின் வீட்டில் இருக்கிறான். நிலானியும் நாலு வயது மகள் அமீலியாவும் தவமணியின் குடியிருப்புக்கு அடுத்த கட்டடத்தில். போனது அவன்தான், குற்றமும் அவனுடையதுதான். ஆனால் வைலேயில் எந்தத் தமிழ் வீட்டுக் குசினியிலும் பேச்சு அப்படி இல்லை. நிலானி புருசனுக்கு வசிய மருந்து போட்டவள் என்பதுதான் பேச்சு. மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் பகிடி விடுவது பழைய கதை. அந்தப் பகிடி கடல் கடந்து, விமானம் ஏறி, வைலேக்கு வந்ததும் சாட்சியமாகிவிட்டது.

அதற்கு ஆதாரம் ஒரு டப்பி. முந்திய காலத்தில் பிலிம் சுருள் வருமே, அந்தக் கறுப்பு டப்பி. தன் உடுப்புகளை எடுக்க வந்த ஜெனோஷன், நிலானியின் மசாலா அலமாரியில் மிளகாய்த்தூளுக்குப் பின்னால் அதைக் கண்டான். திறந்தால் கரிக்கறுப்பாக ஒரு பொடி. தாயிடம் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"அம்மா, இது என்ன?"

தவமணிக்கு அது என்னவென்று தெரியும். அது வசம்பு. அமீலியா பிறந்த புதிதில் வயிற்றுவலியால் கத்திக்கொண்டே இருந்தாள். பிள்ளைக்கு வசம்பு உரைத்துக் கொடுக்காத தமிழ் வீடு உண்டா? தவமணிதான் வசம்பை அடுப்பில் சுட்டாள். சுட்ட புகைக்குக் கூரையில் இருந்த புகைமணி அலறத் தொடங்கியது. மேல்மாடி டெனிஷ்காரர் உள்ளாடையோடு இறங்கி ஓடிவந்தார். தவமணி கதிரையில் ஏறி நின்று துவாயால் புகையை விசிற, பச்சை உடம்புக்காரியான நிலானி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமியும் மருமகளும் அப்படிச் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு நாள்தான். இனிமேல் இந்தச் சத்தம் வேண்டாமென்று, சுட்டதெல்லாவற்றையும் பொடித்து, தன் கலியாணப் படம் எடுத்த பிலிம் டப்பியில் போட்டுக் கொடுத்தவள் தவமணி.

ஆனால் மகன் கேட்ட அன்று காலையில்தான் நிலானி அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "மாமி, அவருக்கு அந்தப் பிள்ளையிலதான் விருப்பம் எண்டு உங்களுக்கு முதலே தெரியும். தெரிஞ்சுகொண்டு என்னை என்னத்துக்குக் கூட்டி வந்தீங்க?" பதில் இல்லாத ஆத்திரம் அன்று முழுக்கத் தவமணியின் நெஞ்சுக்குள் கிடந்து எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் டப்பியைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான் சொன்னாள். மிச்சத்தை மற்றவர்கள் செய்தார்கள். மருந்து போட்டு மயக்கினாள், இவ்வளவு காலமும் மயங்கித்தான் கிடந்தேன் என்று சொல்வது ஜெனோஷனுக்கு வசதியாக இருந்தது. தேவாலயச் சபைப் பெண்கள் வந்து நிலானியின் வாசலில் நிற்காமல் தவமணியின் வீட்டில் கூடி, அலமாரி அலமாரியாக எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். அவர்களில் ஒருத்தி டப்பியைத் திறந்து பார்த்திருந்தால் அடுத்த நொடி வசம்பு என்று சொல்லியிருப்பாள். ஒருத்திக்கும் திறக்கத் துணிவில்லை. தவமணி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். வாயைத் திறக்கவில்லை.

பிறகு விஷயம் நகரசபையான கொம்யூனுக்குப் போய்விட்டது. தாய் பிள்ளைக்கு ஏதோ கறுப்புப் பொடி கொடுத்திருக்கிறாள், பிள்ளை என்னோடுதான் இருக்கவேண்டும் என்று ஜெனோஷன் சொல்லியிருந்தான். அது எங்கள் ஊர் பிள்ளை மருந்து, மாமிதான் செய்து தந்தவ என்று நிலானி சொல்லியிருந்தாள். அப்படியானால் மாமியையே கேட்போம் என்று அவர்கள் தவமணியை வரச் சொல்லிவிட்டார்கள். கலைமாலை சனிக்கிழமை. கொம்யூன் திங்கட்கிழமை. தவமணி என்ன சொல்கிறாளோ, அதில்தான் அமீலியா யாரோடு இருப்பாள் என்பது கிடந்தது.

ஒத்திகையில் விசாரணைக் காட்சி வந்தது. சக்கரவர்த்தி, கலங்கிய நீர் உள்ள ஒரு குவளையைச் சபைக்குக் காட்டி, மகாராணி எனக்கு நஞ்சு வைத்தாள் என்று குற்றம் சாட்டுகிறான். தவமணி தன் தாள்களைப் புரட்டிப் பார்த்தாள்.

"யசிந்தா, இதில எனக்கு ஒரு வசனமும் இல்லை."

"ஓம் அன்ரி."

"அப்ப நான் என்னத்துக்கு மேடையில?"

"நிக்கிறதுக்கு. அவன் குவளையைத் தூக்கிக் காட்டேக்க நீங்கள் பக்கத்தில பேசாமல் நிக்கவேணும். அதுதான் அந்தக் காட்சி." யசிந்தாவுக்கு இதைப் பற்றிப் பேசினால் கண் விரியும். "நஞ்சு எண்டதை ஒருத்தரும் நம்பேல்லை அன்ரி. பெரிய குருவே நம்பேல்லை. தாய்க்கும் அது பொய்யெண்டு தெரிஞ்சிருக்கும் எண்டுதான் நான் எழுதியிருக்கிறன். தான் தெரிஞ்சு கொண்டுவந்த பெண். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. மகன் இப்பிடிக் கெட்ட பேர் எடுத்தா, அவன்ர கைக்குப் போன ஆட்சி திரும்பத் தன்ர கைக்கு வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தவ."

"அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது?"

"தலைமயிரை வெட்டி, ரெண்டு பிள்ளையளோட ஒரு தீவுக்கு அனுப்பிச்சினம். மடத்துக்கு. மிச்சக் காலம் முழுக்க அங்கதான். அந்த மடத்தையும் மாமிதான் முதல் கட்டினவ."

"தாயும் மகனும்?"

யசிந்தா தாள்களை அடுக்கினாள். "பிறகு தாயே மகன்ர கண்ணைப் பிடுங்குவிச்சவ."

"சீ," என்றாள் தவமணி. பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது, நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். எனக்கு ஆட்சியும் இல்லை, ஆசையும் இல்லை. சொல்லச் சொல்ல அது பொய்யாகப் பட்டது. அவளுக்கும் ஒன்று இருந்தது. தவமணி பொம்பிளை எடுத்த விதம் பிழைத்துவிட்டது என்று ஊர் சொல்லக்கூடாது. பெண்ணிலே பிழை என்று சொன்னால் எடுத்தவள் தப்பிவிடலாம். அதற்காக ஒரு பிள்ளையின் தாயைச் சூனியக்காரியாக்கிவிட்டு, நாடகத்துக்கு வசனம் பாடமாக்கிக்கொண்டிருக்கிறாள். தன்னை நினைக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது கடை வாசலில் நிலானியைக் கண்டாள். ஒரு கையில் பால், மறு கையில் அமீலியா. கம்பளி வைத்த அந்தச் சப்பாத்தை இன்னும் போட்டிருந்தாள். ஓரம் வெடித்து, ஏதோ பசையால் ஒட்டியிருந்தது. தவமணி வீதியின் அடுத்த பக்கம் மாறலாமா என்று பார்த்தாள். அதற்குள் பிள்ளை, "அப்பம்மா!" என்று கூப்பிட்டுவிட்டது.

நிலானி கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் தவமணிக்கு லேசாக இருந்திருக்கும்.

"திங்கட்கிழமை நீங்க வருவீங்களாம் மாமி."

"ஓம். வரச் சொல்லியிருக்கினம்."

"எனக்காக ஒண்டும் சொல்ல வேணாம். உங்களுக்குத் தெரிஞ்சது என்னவோ அதைச் சொல்லுங்க. அது போதும்."

"பாப்பம்," என்றாள் தவமணி. அந்தச் சொல் வாயை விட்டுப் போன பிறகு, அதைப் பிடித்து உள்ளே இழுக்க முடியாதா என்று இருந்தது. நிலானி தலையை ஆட்டிவிட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. தூரத்துப் புரொண்பி நகரில் இருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். வரவேற்பு நடனத்தில் ஒரு குழந்தை அழுதுகொண்டு ஓடியது. பட்டிமன்றத்தில் இரண்டு பக்கமும் சரியாகிவிட்டது. ஜெனோஷன் ஒலிபெருக்கி மேசையில் இருந்தான். தங்கக் காகிதம் ஒட்டிய மணிமுடியோடு தவமணி மேடைக்கு ஏறினாள்.

நாடகம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே போனது. பெண்களைப் பாத அளவுக்கு வைத்துப் பார்க்கிற காட்சியில் சிரிப்பு அடங்கவில்லை. பதினேழு வயதுச் சக்கரவர்த்தி கதிரையில் இருக்க, கதிரை கிறீச்சிட்டதற்கும் சிரித்தார்கள். விசாரணைக் காட்சியில் மண்டபம் அமைதியானது. கோணேசன் குவளையை உயர்த்திப் பிடித்தார்.

"சபையோரே, இதோ நஞ்சு! இவளுடைய பெட்டியில் இருந்து எடுத்தது. தாயே, நீரே தெரிவு செய்த மருமகளின் இலட்சணத்தைப் பாரும்!"

தவமணி பேசாமல் நிற்கவேண்டும். நின்றாள். தபிதா தலை குனிந்து முழங்காலில் இருந்தாள். அவளுடைய ஒல்லிக் கழுத்து தெரிந்தது. தவமணிக்கு அந்தக் கழுத்தைப் பார்க்க முடியவில்லை. குவளையைப் பார்த்தாள். அதையும் பார்க்க முடியவில்லை.

"அது என்ரது," என்றாள்.

கோணேசன் திகைத்துப்போய்க் குவளையை இன்னும் மேலே தூக்கினார்.

"அது அவளின்ர இல்லை. நான் செய்து குடுத்தனான். அவளுக்கு அதில ஒரு பங்கும் இல்லை. என்னைக் கேட்ட நேரம் தெரியாது எண்டு சொல்லிப்போட்டன். தெரிஞ்சுகொண்டு சொன்னனான்."

அந்தக் குரல் கடைசி வரிசை வரைக்கும் போனது. கண்ணீர் அவள் கன்னத்தில் ஓடி, பூசியிருந்த பவுடரில் கோடு போட்டது. பிறகு யாரோ கைதட்ட, மண்டபமே தட்டியது.

கோணேசன் பாவம், தான் பாடமாக்கியதைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதர். கைதட்டல் ஓயக் காத்திருந்து, அடுத்த வசனத்தைச் சொன்னார். "இவளுடைய கூந்தலை வெட்டித் தீவுக்குக் கொண்டுபோங்கள்!" தபிதா ஓரத்தில் நின்ற யசிந்தாவைப் பார்த்தாள். யசிந்தாவுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, தலையை ஆட்டிவிட்டாள். மகாராணி எழும்பினாள். காவலாளிகள் அவளுடைய தலையில் கறுப்புத் துணியைப் போட்டு இறக்கிக்கொண்டு போனார்கள். தவமணி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவும் சொல்லியும் அந்தப் பிள்ளை தீவுக்குத்தான் போனது.

திரை விழுந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, எனக்கு உண்மையாவே அழுகை வந்திட்டுது." "எங்க ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள் இந்த நடிப்பை?" அலமாரிக்கு எண்ணெய் பூசிய கைகளே அவள் கையைப் பிடித்துக் குலுக்கின. தவமணிக்கு உடம்பு லேசாக இருந்தது. சொல்லிவிட்டேன் என்று இருந்தது. அந்த லேசு கொத்துரொட்டித் தட்டு கைக்கு வரும்வரைகூட நிலைக்கவில்லை. தலையில் முடியை வைத்துக்கொண்டு சொல்வதில் என்ன துணிவு? ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்த இடமாகப் பார்த்தல்லவா சொன்னாள். டப்பியை மறைத்ததைவிட இது கேவலமாகப் பட்டது.

ஜெனோஷன் வந்தான். வழக்கம்போல டெனிஷில்தான் பேசினான். நன்றாக நடித்தீர்கள் அம்மா என்றான். பிறகு வயர் ஒன்றைச் சுற்றிக்கொண்டே, திங்கட்கிழமை இந்த மாதிரி எல்லாம் வேண்டாம் என்றான். அவன் முகத்தை நிமிர்த்தவில்லை. அம்மா, நீங்கள் சொன்னது உண்மையா என்று கேட்கவும் இல்லை. கேட்காததைக் கண்டபோது தவமணிக்கு விளங்கியது. இவனுக்கும் தெரிந்திருக்கிறது, அல்லது தெரிந்துவிடுமோ என்ற பயம் இருந்திருக்கிறது. இவனை இப்படி நான்தான் வளர்த்தேன் என்று நினைத்தாள்.

மேடையில் சபாரத்தினம் நன்றியுரையில் இருந்தார். மண்டபம் தந்தவர்களுக்கும், கதிரை அடுக்கியவர்களுக்கும், ரொட்டி கொத்துகிறவர்களுக்கும் நன்றி சொல்லி முடித்து, மூச்சு எடுக்க நின்ற இடத்தில் தவமணி ஏறிப்போய் மைக்கை வாங்கினாள். முடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். பவுடரைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"நான் தவமணி. ஜெனோஷன்ர அம்மா. இப்ப நாடகம் முடிஞ்சுது."

சிலர் சிரித்தார்கள்.

"என்ர மருமகள் நிலானி மருந்து போட்டவள் எண்டு நீங்கள் எல்லாரும் கதைக்கிறீங்கள். அந்தக் கறுப்பு டப்பியில இருக்கிறது வசம்பு. அமீலியாவுக்கு வயித்துக்குத்து எண்டு நான் சுட்டுப் பொடிச்சுக் குடுத்தனான். டப்பியும் என்ர கலியாணத்து டப்பி. மகன் கொண்டுவந்து கேட்ட நேரம் தெரியாது எண்டு பொய் சொன்னனான். நீங்கள் என்ர வீட்டில வந்து ஜெபிச்ச நேரமும் பேசாமல் இருந்தனான். அந்தப் பிள்ளையில ஒரு பிழையும் இல்லை. பிழை என்னில."

ஒருவரும் கைதட்டவில்லை. குசினியில் ரொட்டி கொத்துகிற சத்தம்கூட நின்றுவிட்டது. வருடா வருடம் நின்றுபோகிற மைக், அன்றைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. எண்ணெய் பூசிய பெண்கள் தங்கள் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெனோஷன் சுற்றிய வயரைப் போட்டுவிட்டு வெளியே போனான். அவனுடைய கார் புறப்படுகிற சத்தம் கேட்டது. மகன் போய்விட்டான் என்று தெரிந்தும் தவமணி இறங்கிப் பின்னால் ஓடவில்லை. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சபாரத்தினத்தின் கதிரையில் இருந்தாள்.

திங்கட்கிழமை கொம்யூனில் மொழிபெயர்ப்பாளர் வேண்டாமென்று தன் உடைந்த டெனிஷிலேயே சொன்னாள். அங்கே இருந்த பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிறகு ஏன் தெரியாது என்று சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டாள். தவமணி நிலானியைப் பார்த்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் நிலானி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் வெட்கப்பட்டேன்," என்றாள் தவமணி. பொடி விஷயம் அன்றோடு முடிந்தது. அமீலியா தாயோடு இருப்பாள் என்றும், தகப்பன் வந்து பார்க்கலாம் என்றும் ஆயிற்று.

ஆனால் நிலானி வைலேயில் இருக்கவில்லை. ஸ்கீவ என்ற ஊரில் அவளுக்குத் தெரிந்த மாக்கிரட் என்ற பெண் ஒரு வீடும், முதியோர் பராமரிப்பில் வேலையும் பார்த்துக் கொடுத்திருந்தாள். மன்னிப்புக் கேட்டு வந்த சபைப் பெண்களுக்கு நிலானி கதவைத் திறந்து, தேத்தண்ணி கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் அனுப்பியதாகக் கேள்வி.

ரயில் நிலையத்துக்குத் தவமணி கேட்காமலே போனாள். கையில் ஒரு பெட்டி.

"சப்பாத்து," என்றாள். "பழசு வெடிச்சிருந்தது. அளவு எனக்குத் தெரியும்."

நிலானி பெட்டியைப் பார்த்தாள். வாங்கவில்லை. "எனக்கு இனி நானே வாங்குவன் மாமி."

தவமணி பெட்டியைத் தன் காலடியில் வைத்தாள். ரயில் வருகிறது என்று அறிவித்தார்கள்.

"நாடகம் நல்லா இருந்தது எண்டு சொன்னாங்க," என்றாள் நிலானி. "அந்த ராணி கடைசியில திரும்பி வந்தவவா?"

"இல்லைப் பிள்ளை. அவ தீவிலேயே இருந்திட்டா. மகள்தான் வளர்ந்து திரும்பி வந்தவள். வேற ஒரு ராசாவுக்கு ராணியா."

நிலானி அமீலியாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "என்ர மகளை ஒருத்தருக்கும் ராணியாக்க மாட்டன்," என்றாள்.

"நான் உங்களைப் பாக்க வரலாமோ?"

"அண்டைக்குக் கடை வாசலில நான் கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீங்க மாமி?"

தவமணி குனிந்து காலடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். நிலானியே சொன்னாள். "பாப்பம் எண்டு சொன்னீங்க. நானும் அதைத்தான் சொல்றன். பாப்பம்."

ரயில் வந்து நின்றது. நிலானி பைகளை ஏற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கி ஏற்றினாள். அமீலியா ஜன்னலோடு மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு கை காட்டினாள். தவமணி கையைத் தூக்கப்போனாள். தூக்கலாமா என்று நிலானியின் முகத்தைப் பார்த்தாள். நிலானி பையை மேலே வைத்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. அவள் திரும்பட்டும் என்று தவமணி காத்துக்கொண்டிருக்க, ரயில் புறப்பட்டுப் போய்விட்டது.